கிட்டார் ஆம்ப்பின் பவர் ட்யூப் பயாஸ்: அறிகுறியிலிருந்து பழுதுக்கு

கிட்டார் ஆம்ப்பின் ஒலி மெலிந்தாலும், பவர் ட்யூப் (ஸ்பீக்கரை இயக்கும் கண்ணாடி வெற்றிடக் குழாய்) சிவந்தாலும், ஃபியூஸ் போனாலும் பலருடைய கை முதலில் பயாஸ் பிரீசெட்டைத்தான், அதாவது அந்த ட்யூபில் ஓடும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகைத்தான், தேடுகிறது. ஆனால் பிரீசெட் தானாகத் திரும்பிக்கொள்வதில்லை. நேற்றுவரை ஒழுங்காக வேலை செய்த ஆம்ப் இன்று கெட்டிருந்தால் உள்ளே வேறு ஏதோ ஓர் உறுப்பு மாறிவிட்டது என்றே கொள்ள வேண்டும்; அதைக் கண்டுபிடிக்காமல் பிரீசெட்டைத் திருப்பினால் பழுது மறையுமே தவிர நீங்காது. எனவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் எதை அளப்பது, அந்த அளவு எந்த உறுப்பைக் காட்டிக்கொடுக்கும் என்பதை எழுதியிருக்கிறேன். பிரீசெட்டுக்கு வேலை எப்போதும் கடைசியில்தான்.

அளப்பதற்கு முன், கையிலிருப்பது எந்த வகை ஆம்ப் என்று தெரிந்திருக்க வேண்டும். பவர் ட்யூபுக்குள் கேத்தோட் எலக்ட்ரான்களை வெளிவிடும், பிளேட் என்ற வெளித்தகடு அவற்றைப் பெறும், நடுவிலுள்ள கன்ட்ரோல் கிரிட் என்ற கம்பிவலை அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும். கன்ட்ரோல் கிரிட், கேத்தோடைவிட எத்தனை வோல்ட் எதிர்மறையாக இருக்கிறது என்பதுதான் பயாஸ். அந்த எதிர்மறை அளவு குறையக் குறைய ட்யூபின் வழியே ஓடும் மின்னோட்டம் கூடும். ஃபெண்டரின் 1963-ஆம் ஆண்டு ஏபி763 சர்க்யூட்டைக் கொண்ட டீலக்ஸ் ரிவெர்ப், ட்வின் ரிவெர்ப் போன்ற ஆம்ப்களிலும், மார்ஷலின் 100 வாட் சூப்பர் லீடிலும், தனி டயோடும் கெபாசிட்டரும் கொண்டு ஓர் எதிர்மறை மின்னழுத்தம் உருவாக்கப்பட்டு கிரிட்டுக்கு அனுப்பப்படுகிறது. இதற்கு ஃபிக்ஸட் பயாஸ் என்று பெயர். வாக்ஸ் ஏசி30, ஃபெண்டரின் 5இ3 ட்வீட் டீலக்ஸ் ஆகியவற்றில் கேத்தோடுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். ட்யூபின் மின்னோட்டமே அந்த ரெசிஸ்டரில் வோல்ட்டை உண்டாக்கிக் கேத்தோடை உயர்த்திவிடும். இது கேத்தோட் பயாஸ். முன்னதில் ட்யூபைக் காப்பாற்றுவது ஒரு தனி சப்ளை என்பதால், அந்த சப்ளை போனால் ட்யூபும் போகும். பின்னதில் ட்யூப் ஓரளவு தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும்.

உயிருக்கு ஆபத்தான இடம்

சேஸிஸை (ஆம்ப்பின் உலோகப் பெட்டியை) திறந்தால் 350 முதல் 500 வோல்ட் வரையிலான டிசி கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். ஸ்டாண்ட்பை சுவிட்ச் அணைந்த நிலையிலிருந்தால், ட்யூப்கள் அதை உறிஞ்சித் தீர்க்கவும் வழியில்லை. 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரின் ஒரு முனையைக் குரோக்கடைல் கிளிப்பால் சேஸிஸில் மாட்டி, மறுமுனையை நன்கு இன்சுலேட் செய்த பிடியால் ஒவ்வொரு ஃபில்டர் கெபாசிட்டரின் நேர்முனையிலும் சில விநாடிகள் வைத்து, மீட்டரில் பூஜ்யத்துக்கு அருகில் வந்ததைப் பார்த்த பிறகே விரலை உள்ளே விட வேண்டும். மின்சாரம் ஓடும்போது அளப்பதென்றால் கருப்பு முனையை சேஸிஸில் மாட்டிவிட்டு, சிவப்பு முனையை ஒரே கையால் பிடித்து, மற்றக் கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் வழக்கம்; அதைவிட நல்ல வழக்கம் இன்னும் வரவில்லை. ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்ப்பை ஒருபோதும் ஓட்டக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். இவற்றில் எதிலேனும் தயக்கம் இருந்தால் கீழே உள்ளதைப் படித்து மெக்கானிக்கிடம் அறிகுறியைத் தெளிவாகச் சொல்லலாம். அதுவே பாதி வேலை.

மின்னோட்டத்தை அளக்கும் முறைகள்

மூன்று முறைகள் நம்பத்தக்கவை. முதலாவது, ஒவ்வொரு ட்யூபின் கேத்தோடுக்கும் எர்த்துக்கும் இடையே 1 ஓம் ரெசிஸ்டர் வைத்து, அதன் இரு முனைகளுக்கிடையே மில்லிவோல்ட்டை அளப்பது. 1 மில்லிவோல்ட் என்றால் 1 மில்லி ஆம்பியர். இந்த அளவில் ஸ்கிரீனின் (கன்ட்ரோல் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவேயுள்ள இரண்டாவது வலையின்) மின்னோட்டமும் சேர்ந்திருக்கும் என்பதால், 6எல்6, 6வி6 ட்யூப்களுக்கு ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதமும் இஎல்34-க்குச் சற்று அதிகமாகவும் கழித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, சாக்கெட்டுக்கும் ட்யூபுக்கும் நடுவே செருகும் பயாஸ் புரோப். அது உள்ளே செய்வதும் இதே வேலைதான். சேஸிஸைத் திறக்க வேண்டாம் என்பது மட்டுமே ஆதாயம்.

மூன்றாவது முறைக்கு எந்த மாற்றமும் தேவையில்லை. ஆம்ப்பை அணைத்து, கெபாசிட்டர்களைக் காலி செய்துவிட்டு, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் சென்டர் டேப்பிலிருந்து (சுருளின் நடு இணைப்பிலிருந்து) ஒவ்வொரு பிளேட்டுக்கும் உள்ள மின்தடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஆம்ப்பை ஓட்டி, அதே இரு புள்ளிகளுக்கிடையே விழும் வோல்ட்டை அளந்து, அந்த மின்தடையால் வகுக்க வேண்டும். டீலக்ஸ் ரிவெர்ப் ஒன்றில் ஒரு பாதி 106 ஓம், மறுபாதி 118 ஓம் என்று வந்தால் அஞ்ச வேண்டாம். வெளிச்சுற்றில் கம்பி நீளம் கூடுதல் என்பதால் இந்த வேறுபாடு இயல்பு. முதல் பாதியில் 2.15 வோல்ட்டும் இரண்டாம் பாதியில் 2.4 வோல்ட்டும் விழுந்தால் இரண்டு ட்யூபிலும் 20.3 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. பிளேட்டில் 415 வோல்ட் இருந்தால் பெருக்கிப் பார்க்கும்போது 8.4 வாட். பழைய தரவுத்தாள்களின்படி 6வி6ஜிடி-யின் பிளேட் தாங்கும் உச்ச அளவு 12 வாட் என்பதால் இது சரியாக 70 சதவீதம். நான்கு ட்யூப் ஆம்ப்பில் ஒவ்வொரு பாதியிலும் இரண்டு ட்யூப்கள் இணையாக இருப்பதால், வந்த மின்னோட்டத்தை இரண்டால் வகுக்க வேண்டும். அப்போது கிடைப்பது சராசரி மட்டுமே, ஒரு ட்யூப் சோம்பி இன்னொன்று திணறுவதை இந்த முறை காட்டாது.

மீட்டரை மில்லி ஆம்பியர் நிலையில் வைத்து டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பாதிக்குக் குறுக்கே மாட்டும் முறையும் உண்டு. 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும் இடத்தில் மீட்டர் முனை சேஸிஸைத் தொட்டால் ஹைவோல்டேஜ் சப்ளை நேராக ஷார்ட் ஆகும் என்பதால் அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆஸிலோஸ்கோப்பில் அலைவடிவத்தின் நடுவே உள்ள வெட்டு மறையும் வரை திருப்பு என்பதும் அளவீடு ஆகாது. அந்த வெட்டு சிக்னலின் அளவையும் லோடையும் பொறுத்து மாறுவதால், பெரும்பாலும் ட்யூபைத் தேவைக்கு மேல் சூடாக்கி நிறுத்தும்.

உச்ச அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: 6எல்6ஜிசி 30 வாட், இஎல்34 25 வாட், 5881 23 வாட், இஎல்84 12 வாட். ஃபிக்ஸட் பயாஸில் 70 சதவீதம் என்பது எல்லைக்கோடு. போய்ச் சேர வேண்டிய ஊராக அதை நினைக்க வேண்டியதில்லை; 60 சதவீதத்தில் காதுக்கு நிறைவாக இருந்தால் அங்கேயே விடுவது ட்யூபுக்கு ஆயுள்.

அறிகுறி: பிளேட் சிவக்கிறது

அறையின் விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். நடுவில் ஃபிலமென்ட்டின் ஆரஞ்சு ஒளி எப்போதும் இருப்பதே. பழுது என்பது அதைச் சுற்றியுள்ள சாம்பல் நிறத் தகட்டில், பெரும்பாலும் அகன்ற பக்கத்தின் நடுவிலோ தகட்டின் மடிப்பை ஒட்டியோ, மங்கிய சிவப்புத் திட்டாகத் தொடங்கிப் பரவுவது. கண்ணில் பட்ட உடனே அணைக்க வேண்டும். சிவப்பாகவே அரை நிமிடம் ஓடினாலும் ட்யூபுக்குக் கேடு, டிரான்ஸ்ஃபார்மருக்கும் நல்லதல்ல. கண்ணாடியின் உட்புறத்தில் படர்ந்து, வாசிக்கும்போது துடிக்கும் நீல ஒளி பழுதல்ல. தகடுகளுக்கு நடுவே புகைபோல் நிற்கும் ஊதா ஒளி வேறு. ட்யூபுக்குள் வாயு புகுந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம், அந்த ட்யூபை எடுத்துவிட வேண்டும்.

சிவந்தால் பிரீசெட்டைத் தொடாமல், எல்லா பவர் ட்யூப்களையும் கழற்றிவிட்டு, மற்ற ட்யூப்களை அப்படியே விட்டு, ஆம்ப்பை ஓட்டிக் கிரிட் முனைகளை அளக்க வேண்டும். 6எல்6, 6வி6, இஎல்34 சாக்கெட்டுகளில் அது 5-ஆம் முனை. டீலக்ஸ் ரிவெர்பில் எதிர்மறை 35 வோல்ட் அளவிலும் ட்வின் ரிவெர்பில் எதிர்மறை 52 வோல்ட் அளவிலும் இருக்க வேண்டும். ட்யூப் இல்லாததால் லோடு குறைந்து எண் கொஞ்சம் கூடுதலாகவே வரும். முக்கியமானது எல்லா சாக்கெட்டுகளிலும் ஒரே எண் வருகிறதா என்பது.

எல்லாவற்றிலும் பூஜ்யமோ மிகக் குறைவான எண்ணோ வந்தால் பயாஸ் சப்ளையில் பழுது. பவர் டிரான்ஸ்ஃபார்மரின் பயாஸ் டேப்பில் ஏசி வருகிறதா என்று பார்த்து அங்கிருந்து வழியோடு வர வேண்டும். ஏசி இருந்து டயோடுக்குப் பிறகு டிசி இல்லையென்றால், நடுவிலுள்ள 470 ஓம் ரெசிஸ்டரோ டயோடோ திறந்திருக்கும் (உள்ளே இணைப்பு அறுந்திருக்கும்), அல்லது பயாஸ் கெபாசிட்டர் ஷார்ட் ஆகியிருக்கும். டிசி இருந்தும் எண் குறைவாகவும், அதே இடத்தில் மீட்டரின் ஏசி நிலை சில வோல்ட் காட்டுவதாகவும் இருந்தால் கெபாசிட்டர் உலர்ந்துவிட்டது. பழைய ஆம்ப்களில் இதுவே மிகச் சாதாரணமான காரணம், மாற்றச் செலவும் அற்பம். மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இது எதிர்மறை சப்ளை என்பதால் கெபாசிட்டரின் நேர்முனை எர்த்துக்குப் போக வேண்டும், டயோடின் கோடு போட்ட முனை டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்திருக்க வேண்டும். ஃபில்டர் கெபாசிட்டர்களை மாற்றிய அதே கையோடு இதையும் மாட்டுகிறவர்கள் பழக்கத்தில் தலைகீழாக மாட்டிவிடுவது உண்டு. கெபாசிட்டரில் டிசி சரியாக இருந்தும் கிரிட்டில் இல்லையென்றால் பிரீசெட்டின் நகரும் தொடுமுனை விட்டுப்போயிருக்கும்.

ஒரு சாக்கெட்டில் மட்டும் எண் குறைந்தால் சந்தேகம் கப்ளிங் கெபாசிட்டர் மேல் விழ வேண்டும். பவர் ட்யூப்களுக்குச் சிக்னலை அனுப்பும் ஃபேஸ் இன்வெர்ட்டர் ட்யூபின் பிளேட்டில் 230 வோல்ட் அளவு டிசி இருக்கிறது. அதைத் தடுத்துச் சிக்னலை மட்டும் கிரிட்டுக்கு விடுவது அந்த 0.1 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர்தான். அது 5 மெகா ஓம் அளவுக்குக் கசிந்தால், 220 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரோடு சேர்ந்து கிரிட்டை ஏறத்தாழ 11 வோல்ட் நேர்மறைப் பக்கம் இழுத்துவிடும். எதிர்மறை 35 இருக்க வேண்டிய இடத்தில் 24 தான் நிற்கும், 6வி6 தகதகவென்று சிவக்க அது போதும். வெளியே எடுத்து மீட்டரின் ஓம் நிலையில் பார்த்தால் இந்தக் கசிவு பல சமயம் தெரியாது, ஏனெனில் மீட்டரின் சில வோல்ட்டுக்குக் கசியாதது 200 வோல்ட்டில் கசியும். கிரிட் பக்க முனையை மட்டும் கழற்றி, ஆம்ப்பை ஓட்டி, கழற்றிய முனைக்கும் சேஸிஸுக்கும் இடையே டிசி அளக்க வேண்டும். முதலில் ஒரு துள்ளல் துள்ளிப் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் நல்ல கெபாசிட்டர். ஒரு வோல்ட்டுக்கு மேல் நிலையாக நின்றால் மாற்ற வேண்டும். கெபாசிட்டர் நன்றாக இருந்தால், அந்தப் பக்கத்து 220 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் அதன் சோல்டர் சரியாகப் பிடிக்காமல் (டிரை சோல்டர்) இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

எல்லா சாக்கெட்டுகளிலும் எண் சரியாக இருந்தும் ஒரு ட்யூப் சிவந்தால், இரண்டு ட்யூப்களையும் இடம் மாற்றிச் செருக வேண்டும். சிவப்பு ட்யூபோடு போனால் ட்யூப் பழுது. பழைய இடத்திலேயே நின்றால் சாக்கெட் பழுது. சாக்கெட்டின் அடிப்பக்கக் காதில் மீட்டர் முனையை வைத்து அளக்கும்போது எதிர்மறை 35 சரியாகக் காட்டும். மேலே ட்யூபின் ஊசியை அந்தத் தொடுமுனை கவ்வாமல் தளர்ந்திருந்தால் ட்யூபுக்கு அது போய்ச் சேராது. ஆம்ப்பை அணைத்துக் கெபாசிட்டர்களைக் காலி செய்த பிறகு, மெல்லிய ஊசியால் தொடுமுனையை நெருக்கிவிட்டால் இது தீரும், இல்லையேல் சாக்கெட்டை மாற்ற வேண்டும்.

இன்னொரு வகை உண்டு. சும்மா இருக்கும்போது இயல்பாக இருந்து, வால்யூம் அல்லது பிரசென்ஸைத் திருப்பும்போது மட்டும், காதுக்கு எதுவும் கேட்காமலே சிவக்கும். காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஆம்ப் தானாகவே அதிர்கிறது (ஆஸிலேஷன்) என்பதே இதன் பொருள். கிரிட்டோடு தொடராக உள்ள கிரிட் ஸ்டாப்பர் ரெசிஸ்டர்கள் சாக்கெட்டை ஒட்டி இருக்கின்றனவா, வயர்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கிரிட்டை எவ்வளவு எதிர்மறையாக்கினாலும் இது அடங்காது.

அறிகுறி: ஒலி மெலிந்து, ஸ்வரம் அடங்கும்போது கரகரக்கிறது

பலமாக வாசிக்கும்போது பெரிதாகத் தெரியாது. ஒரு தந்தியை மீட்டி அடங்க விட்டால், ஒலி சிறுத்துவரும் நேரத்தில் அதன் மேல் மணல் உரசுவதுபோல ஒரு கரகரப்பு ஒட்டிக்கொள்ளும். மின்னோட்டம் மிகக் குறைவாக இருப்பதால், ஒரு ட்யூப் விட்டு மற்றது தொடங்கும் இடத்தில் இரண்டுமே வேலை செய்யாத இடைவெளி உண்டாகிறது.

மின்னோட்டத்தையும் கிரிட் வோல்ட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிரிட் வோல்ட் வழக்கமான அளவில் இருந்தும் மின்னோட்டம் குறைந்திருந்தால் ட்யூப் தேய்ந்துவிட்டது; கிழட்டுக் குதிரையைச் சாட்டையால் ஓட்டுவதுபோல அதன் மின்னோட்டத்தைக் கூட்டிப் பயனில்லை. ஒரு ட்யூபில் மட்டும் மின்னோட்டம் ஏறத்தாழ பூஜ்யம் என்றால் 4-ஆம் முனையை அளக்க வேண்டும். பிளேட் வோல்ட்டுக்கு நெருக்கமான எண் அங்கே இல்லாவிட்டால் ஸ்கிரீன் ரெசிஸ்டர் திறந்துவிட்டது. ஃபெண்டரில் அது 470 ஓம், பல மார்ஷல்களில் 1 கிலோ ஓம். ஸ்கிரீன் ரெசிஸ்டர் சும்மா போவதில்லை, முன்பு ஏதோ ஒரு ட்யூப் உள்ளே ஷார்ட் ஆகி அதை எரித்திருக்கும் என்பதால் அந்த ட்யூபையும் தேடிப்பிடிக்க வேண்டும்.

ட்யூப் புதிது, கிரிட் வோல்ட் அளவுக்கு மீறி எதிர்மறையாக இருக்கிறது, பிரீசெட்டைக் கடைசிவரை திருப்பியும் மின்னோட்டம் ஏறவில்லை என்றால்தான் சர்க்யூட்டின் எல்லையை மாற்றும் பேச்சு. ஏபி763 சர்க்யூட்டில் 10 கிலோ ஓம் பிரீசெட்டிலிருந்து எர்த்துக்கு 27 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போகிறது. அதை 22-க்கோ 18-க்கோ குறைத்தால் பிரீசெட் இன்னும் குறைந்த எதிர்மறை வரை இறங்கும். மாற்றிய பிறகு முதல் முறை ஓட்டும்போது பிரீசெட் மிக அதிக எதிர்மறை தரும் நிலையில் இருக்க வேண்டும்.

அறிகுறி: பிரீசெட்டைத் திருப்பினால் ஒன்றும் மாறவில்லை

1960-களின் பிற்பகுதியிலிருந்து வந்த சில்வர்ஃபேஸ் (முகப்பு வெள்ளி நிறமான) ஃபெண்டர்கள் பலவற்றில் இருப்பது மொத்த அளவைக் கூட்டிக் குறைக்கும் பிரீசெட் அல்ல. ஒரு பக்கத்தைக் குறைத்து மறுபக்கத்தைக் கூட்டும் சமன் செய்யும் பிரீசெட். அதைத் திருப்பும்போது ஒரு ட்யூபின் எண் ஏறி மற்றதன் எண் இறங்கினால் அதுதான். அந்த ஆம்ப்பில் பிரீசெட்டின் வேலை ஹம் என்ற ரீங்காரத்தைக் குறைப்பது. மொத்த மின்னோட்டத்தை மாற்ற ரெசிஸ்டரைத்தான் மாற்ற வேண்டும், அல்லது பழைய ஏபி763 முறைக்கு வயரை மாற்ற வேண்டும். மெசா பூகி ஆம்ப்கள் பலவற்றில் பிரீசெட்டே கிடையாது. அதே நிறக் குறியீடு கொண்ட ட்யூப்களை வாங்கிச் செருக வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் ஏற்பாடு. ட்யூப் மாற்றும் செலவு இதனால் குறைகிறது, தேர்வு செய்யும் உரிமையும் அதோடு போகிறது.

பிரீசெட்டைத் திருப்பும்போது எண் தாவித் தாவிக் குதித்தால் தொடுமுனை அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் தெளிப்பது தற்காலிகம். இந்த இடத்தில் மாற்றுவதே முறை, ஏனெனில் தொடுமுனை ஒரு கணம் விட்டுப்போனாலும் சில சர்க்யூட்டுகளில் கிரிட் எதிர்மறையை முழுவதும் இழந்துவிடும்.

அறிகுறி: சும்மா இருக்கும்போதே ஹம்

இந்தியாவிலும் இலங்கையிலும் லைன் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ஆகவே ஹைவோல்டேஜ் சப்ளையிலிருந்து வரும் ஹம் 100 ஹெர்ட்ஸில் சற்றுக் கூர்மையாகவும், பாதி அலையை மட்டும் திருத்தும் பயாஸ் சப்ளையிலிருந்து வருவது 50 ஹெர்ட்ஸில் ஆழமாகவும் கேட்கும். இரு பக்க ட்யூப்களும் மாறி மாறி வேலை செய்யும் புஷ்-புல் ஆம்ப்பில் இரண்டு பக்கமும் ஒரே மின்னோட்டம் ஓடினால் இந்த ஹம் டிரான்ஸ்ஃபார்மரிலேயே ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்ளும். அளந்து பார்த்து இரண்டு பக்கமும் 5 மில்லி ஆம்பியருக்கு மேல் வேறுபட்டால் பொருந்திய ஜோடி ட்யூப்கள் வேண்டும். பொருந்தியிருந்தும் ஆழமான ஹம் இருந்தால் பயாஸ் கெபாசிட்டரின் இரு முனைகளில் ஏசி எவ்வளவு என்று பார்த்து, சந்தேகமிருந்தால் மாற்றிவிட வேண்டும். வால்யூமைத் திருப்பும்போது ஹம்மும் சேர்ந்து கூடினால் அது பவர் ட்யூப்களுக்கு முன்னாலிருந்து வருகிறது; பயாஸில் தேட வேண்டாம்.

அறிகுறி: நன்றாகத் தொடங்கி, நேரம் ஆக ஆகச் சூடேறுகிறது

ஓட்டிய ஐந்து நிமிடத்தில் 35 மில்லி ஆம்பியர், அரை மணியில் 50, அதற்குப் பிறகு சிவப்பு. சூடேறிய கிரிட்டிலிருந்து எதிர்த்திசையில் சிறு மின்னோட்டம் கசிந்து, கிரிட் ரெசிஸ்டரில் வோல்ட்டை உண்டாக்கிப் பயாஸைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதனால் இன்னும் சூடு, இன்னும் கசிவு. மீட்டரைக் கிரிட்டில் வைத்தால் எதிர்மறை எண் மெல்ல மெல்லக் கரைவது தெரியும். பயாஸ் சப்ளையின் கெபாசிட்டரில் அதே நேரம் எண் அசையாமல் நின்றால் குற்றம் ட்யூபுடையதோ கப்ளிங் கெபாசிட்டருடையதோதான். சப்ளையிலேயே எண் கரைந்தால் சூட்டில் கெடும் டயோடையும் கெபாசிட்டரையும் பார்க்க வேண்டும்.

ட்யூப் வகையை மாற்றியவர்களுக்கு இங்கே தனி எச்சரிக்கை தேவை. 6550-இன் தரவுத்தாள் ஃபிக்ஸட் பயாஸில் கிரிட் ரெசிஸ்டருக்கு 50 கிலோ ஓமை உச்சமாக வைக்கிறது. இஎல்34-க்கு அது 500 கிலோ ஓம். 220 கிலோ ஓம் இருக்கும் இஎல்34 ஆம்ப்பில் 6550-ஐ அப்படியே செருகினால், நல்ல ட்யூபாக இருந்தாலும் இப்படிக் கட்டுமீறிச் சூடேற வாய்ப்பு அதிகம். ஃபிலமென்ட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். 6எல்6ஜிசி 0.9 ஆம்பியரும் இஎல்34 1.5 ஆம்பியரும் 6550 1.6 ஆம்பியரும் இழுக்கும். ஃபெண்டரில் 6எல்6-க்குப் பதில் இஎல்34 செருக விரும்புகிறவர் 1-ஆம் முனையைப் பார்க்காமல் செருகக் கூடாது. 6எல்6-இல் அது பயன்படாத முனை என்பதால் ஃபெண்டர் 1.5 கிலோ ஓம் கிரிட் ஸ்டாப்பர் ரெசிஸ்டரை அதில் கட்டியிருக்கும். இஎல்34-இல் அதே முனை சப்ரெஸர் கிரிட், அது கேத்தோடோடு சேர்ந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்ப்பை ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டுகிறவர்கள், அதன் வெளியீட்டை லோடோடு அளந்து பார்க்க வேண்டும். 120-க்குப் பதில் 130 வந்தால் பிளேட் வோல்ட், ஃபிலமென்ட், பயாஸ் மூன்றும் சேர்ந்து ஏறும். பவர் டிரான்ஸ்ஃபார்மர் 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் சுற்றப்பட்டதாக இருந்தால் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகவும் சுடும். பகலில் ஒரு எண்ணும் இரவில் ஓர் எண்ணும் வரும் ஆம்ப்புக்குப் பெரும்பாலும் லைன் வோல்ட்டே காரணம். பயாஸ் வைக்கும்போது லைன் வோல்ட்டையும் ஒரு தாளில் எழுதிச் சேஸிஸுக்குள் ஒட்டிவைத்தால் அடுத்த முறை குழப்பம் இல்லை.

கேத்தோட் பயாஸ் ஆம்ப்களில்

இங்கே பிரீசெட் இல்லை. ஆனால் அளப்பது எளிது. 5இ3-யில் இரண்டு 6வி6-களுக்கும் பொதுவான 250 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. அதில் 20 வோல்ட் இருந்தால் மொத்தம் 80 மில்லி ஆம்பியர், ஆளுக்கு 40. ஸ்கிரீனின் பங்கைக் கழித்து, பிளேட் வோல்ட்டிலிருந்து கேத்தோடின் 20 வோல்ட்டையும் கழித்துப் பெருக்க வேண்டும். இந்த இரண்டாவது கழித்தலை மறப்பதால் தேவையில்லாமல் பயந்துபோகிறவர்கள் உண்டு. இந்த வகையில் உச்ச அளவின் 90 சதவீதத்துக்கு மேல் ஓடுவது சாதாரணம். ஏசி30 நான்கு இஎல்84-களையும் ஒரே 50 ஓம் ரெசிஸ்டரில் நிறுத்தி, 12 வாட் உச்சத்தையே தாண்டி ஓட்டுவதற்குப் பெயர்போனது. அதன் ட்யூப் சீக்கிரம் தேய்வதைப் பழுதாக எண்ண வேண்டியதில்லை, அந்த ஒலிக்கு அதுவே விலை. ஆனால் நான்கு ட்யூப்கள் ஒரு ரெசிஸ்டரைப் பகிர்வதால், மொத்த எண் சரியாக இருந்தும் ஒரு ட்யூப் மட்டும் சிவக்கலாம். அப்போது 9-ஆம் முனையான ஸ்கிரீனையும் 2-ஆம் முனையான கிரிட்டையும் ட்யூப் ட்யூபாகப் பார்க்க வேண்டும். கிரிட்டில் பூஜ்யத்துக்கு மேல் எது வந்தாலும் கப்ளிங் கெபாசிட்டர் கசிவு அல்லது கெட்ட ட்யூப்.

எல்லா ட்யூப்களும் சிவந்து கேத்தோடில் பூஜ்யம் காட்டினால், ரெசிஸ்டரோடு இணையாக உள்ள பைபாஸ் கெபாசிட்டர் ஷார்ட். ஒலி மிக மெலிந்து கேத்தோடில் 40, 50 வோல்ட் காட்டினால் ரெசிஸ்டர் எரிந்து திறந்துவிட்டது, பைபாஸ் கெபாசிட்டரும் தாங்காமல் வீங்கியிருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். 5 வாட்டுக்குக் குறைந்த ரெசிஸ்டரைப் போட வேண்டாம்.

அறிகுறி: ஃபியூஸ் போகிறது

பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்ப்பது என்ற எண்ணமே கூடாது. லைனில் 100 வாட் குண்டு பல்ப் கொண்ட சீரிஸ் போர்டு வழியாக ஓட்ட வேண்டும். பவர் ட்யூப்களைக் கழற்றிய பிறகும் பல்ப் பிரகாசமாகவே எரிந்தால் பழுது ரெக்டிஃபயர், ஃபில்டர் கெபாசிட்டர், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம், பயாஸுக்குச் சம்பந்தமில்லை. கழற்றியதும் மங்கினால், மேலே சொன்னபடி ஒவ்வொரு சாக்கெட்டின் கிரிட்டையும் அளக்க வேண்டும். சீரிஸ் பல்ப் இருக்கும்வரை எல்லா வோல்ட்டும் குறைவாகவே வரும் என்பதால், அப்போது சாக்கெட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் செய்ய வேண்டும். எண்கள் ஒத்திருந்தால் ட்யூப்களை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்க வேண்டும்; எதைச் செருகியதும் பல்ப் பளிச்சிடுகிறதோ அது ஷார்ட்.

பழுது நீங்கிய பிறகுதான் பிரீசெட். அதிக எதிர்மறை நிலையில் தொடங்கி, ஸ்பீக்கரை இணைத்து, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, மெல்லத் திருப்பி, இலக்கில் பாதிக்கு மேல் வந்ததும் ஐந்து நிமிடம் நிறுத்திப் பிளேட் வோல்ட்டை மறுபடி அளக்க வேண்டும். மின்னோட்டம் ஏறும்போது பிளேட் வோல்ட் இறங்கும் என்பதால் முதலில் போட்ட கணக்கு மாறியிருக்கும். இரண்டையும் மாறி மாறி அளந்து இலக்கை அடைந்ததும் ஆம்ப்பை அரை மணி நேரம் வாசித்துச் சூடேற்றி, மீண்டும் அளந்து, எண் நிலையாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேஸிஸை மூடலாம்.